செப்டிக் டேங்க் லாரி: கடைசி அரை அடிக் கசடில் தெரியும் சேவையின் தரம்

சுவரில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துக் கழிவுநீர் லாரிக்குப் போன் போடுகிறோம். ‘லோடு எவ்வளவு?’ என்று கேட்டு, நூறு இருநூறு குறைக்கச் சொல்லி, வரச் சொல்லிவிடுகிறோம். அத்தோடு நம் விசாரணை முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டு வீடுகளுக்குக் கிடைக்கும் இந்தச் சேவையை விலையை மட்டும் வைத்து எடைபோடுவது பெரிய தவறு. தொட்டியின் மேல்மட்டத்தில் நிற்கும் நாலரை அடித் தண்ணீரை எந்த லாரியும் நன்றாகவே இழுத்துவிடும். அடியில் படிந்த அரை அடிக் கசடை எப்படி எடுக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். ஆளை இறக்காமல் எடுப்பவர் நல்ல சேவைக்காரர். இறக்குபவர் மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாலும் செய்வது குற்றம். அழைத்த வீட்டுக்காரரும் அந்தக் குற்றத்தில் சேர்த்தி.

முதலில் கணக்கு. 8 அடி நீளம், 4 அடி அகலம், 5 அடி நீர் ஆழம் உள்ள தொட்டி 160 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் ஏறத்தாழ 4,500 லிட்டர். இதற்கு 3,000 லிட்டர் லாரி வந்தால் முதல் நடையில் மேல்தண்ணீர் போய்விடும். மிச்சமிருக்கும் 1,500 லிட்டரில்தான் கனமான சகதி முழுவதும் இருக்கும். இரண்டாம் நடைக்கு வந்தாலும் அதைக் கரைத்து இழுக்க நேரமும் தண்ணீரும் வேண்டும். லோடுக்கு இவ்வளவு என்று பேசிய டிரைவருக்கு அந்த நேரம் நஷ்டம். அவர் ஒன்று ‘அவ்வளவுதான் வரும்’ என்று ஹோஸைச் சுருட்டுவார், இல்லையென்றால் மண்வெட்டியோடு ஒருவரை உள்ளே அனுப்புவார். ஆளை இறக்கும் முடிவு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் எடுக்கப்படுகிறது. அதற்கான காரணம் லாரி வருவதற்கு முன்பே, போனில் பேசிய கணக்கிலேயே இருக்கிறது.

அதே தொட்டிக்கு 6,000 லிட்டர் லாரி வந்தால் நிலைமை வேறு. 4,500 லிட்டரை எடுத்த பிறகும் 1,500 லிட்டர் இடம் மிச்சம். அரை அடிக் கசடு என்பது 16 கன அடி, சுமார் 450 லிட்டர். அதற்கு இரண்டு பங்கு, அதாவது 900 லிட்டர் தண்ணீர் விட்டுக் கலக்கினால் ஹோஸ் இழுக்கும் பதத்துக்கு வரும். எல்லாம் ஒரே நடையில் அடங்கிவிடும். ஆகவே போன் போடும்போதே தொட்டியின் அளவைச் சொல்லி, ‘அடிக் கசடு கரைத்து எடுக்கிறதுக்கும் சேர்த்து மொத்தமா எவ்வளவு?’ என்று கேளுங்கள். வேலைக்கு ஒரே விலை பேசிவிட்டால் அவசரத்துக்கான காரணம் பாதி போய்விடும்.

அடுத்து, எந்த அறையில் ஹோஸ் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒழுங்காகக் கட்டிய தொட்டியில் இரண்டு அறைகள் இருக்கும். கழிப்பறைக் குழாய் வந்து விழும் முதல் அறை மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு. கசடும் மேலே மிதக்கும் கெட்டி ஆடையும் அங்குதான் சேரும். இரண்டாம் அறையில் தெளிந்த நீர். மூடி திறக்க எளிது என்பதற்காக இரண்டாம் அறையில் மட்டும் ஹோஸைப் போட்டு, லாரி நிறைந்ததும் காசை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மூன்று மாதத்தில் கழிப்பறையில் தண்ணீர் ஏறி நின்ற பிறகுதான் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியும். அடுத்த முறை வருகிறவரிடம், ‘போன தடவை சரியா எடுக்கல, இந்தத் தடவை அடி வரைக்கும் எடுக்கணும்’ என்று அழுத்திச் சொல்வார். அந்த அழுத்தம் போய் முடிவது உள்ளே இறங்குகிறவரின் தலையில். இரண்டு அறைக்கும் தனித்தனி மூடி இல்லாத தொட்டிகள் ஏராளம். அப்படியிருந்தால் லாரியைக் கூப்பிடும் முன் கொத்தனாரை வைத்து வெளியிலிருந்தே திறப்பு எடுத்து வைப்பது நல்லது. சிலாப்பை உடைக்கும்போது உள்ளே விழும் ஜல்லியும் கம்பியும் அடுத்த அடைப்புக்குக் காரணமாகும் என்பதால், துண்டுகளைக் கயிறு கட்டி மேலே தூக்க வேண்டும். பழைய சிலாப்பின் நடுவில் ஏறி நிற்கவே கூடாது. உள்பக்கக் கம்பி துருவேறி, மேலே சிமென்ட் பூச்சு மட்டும் நல்லபடி தெரியும்.

லாரிக்காரரின் கைத்திறனைப் பார்க்க வேண்டுமானால் பம்புக்குப் பக்கத்தில் இருக்கும் வெற்றிட மீட்டரைப் பாருங்கள். நல்ல ஆபரேட்டரின் கண் தொட்டியைவிட அந்த முள்ளில்தான் அதிகம் இருக்கும். முள் நடுவில் நின்று, தரையில் கிடக்கும் ஹோஸ் விட்டுவிட்டு உதறினால் தண்ணீர் ஓடுகிறது என்று அர்த்தம். முள் உச்சிக்கு ஏறி நிற்க, ஹோஸ் அசையாமல் மரக்கட்டைபோல் விறைத்துக் கிடந்தால் வாயில் அடைப்பு: துணி, நாப்கின், பிளாஸ்டிக் பை. முள் ஏறவே இல்லையென்றால் எங்கோ காற்று இழுக்கிறது. கப்ளிங்கின் ரப்பர் வாஷர் போயிருக்கும், அல்லது ஹோஸின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே வந்திருக்கும். இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரியாதவர்தான் ‘உள்ளே என்ன மாட்டியிருக்குன்னு பார்’ என்று கிளீனரை இறக்குகிறார். தெரிந்தவர் பம்பின் வால்வைத் திருப்பி, சில நொடிகள் எதிர்த்திசையில் காற்றைத் தள்ளுவார். அடைத்த துணி ஹோஸிலிருந்து பிய்த்துக்கொண்டு வெளியே வரும். அப்போது தொட்டியில் கசடு கலங்கி வாயு குபீரென்று கிளம்பும் என்பதால், மூடியைச் சுற்றி யாரும் நிற்கக் கூடாது. அதற்கும் அசையாவிட்டால் நீளக் கம்பின் முனையில் கொக்கி மாட்டி வெளியிலிருந்தே இழுப்பதுதான் வழி.

அடிக் கசடுக்கும் இதே போல வெளியிலிருந்தே வேலை இருக்கிறது. தண்ணீரைப் பீய்ச்சியோ, லாரித் தொட்டியில் ஏற்கெனவே ஏறிய நீரில் கொஞ்சத்தைத் திருப்பி விட்டோ, பத்தடிக் கம்பால் மூலை மூலையாகக் கலக்கி, மறுபடி இழுப்பார்கள். இரண்டு மூன்று முறை செய்தால் போதும். அப்படியும் ஓரிரு அங்குலம் தங்கும். தங்கட்டும். அதில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் தொட்டியை மறுபடி வேலை செய்ய வைக்கும். ‘சுத்தமாகக் கழுவி, ஆசிட் ஊற்றிக் கொடுக்கிறோம்’ என்பதைக் கூடுதல் சேவையாகச் சொல்கிறவரை நம்பாதீர்கள். ஆசிட் தொட்டியைக் கெடுக்கும். போதாததற்கு, கசடோடு சேர்ந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவையும் கிளப்பிவிடும்.

அந்த வாயுதான் செய்தித்தாளில் ‘விஷவாயு தாக்கி’ என்று வருவது. அழுகிய முட்டை நாற்றம். காற்றைவிடச் சற்றுக் கனமானது, அதனால் அடியில் தேங்கும். பத்து லட்சம் பங்குக் காற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்கு கண்டுபிடித்துவிடும். நூறு பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். உள்ளே எட்டிப் பார்த்தவர் ‘நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்’ என்று சொல்வது அந்த நேரத்தில்தான். ஐந்நூறைத் தாண்டினால் மயக்கம். ஆயிரத்தை நெருங்கினால் ஓரிரு மூச்சில் விழுந்துவிடுவார், கூப்பிடக்கூட முடியாது. கூடவே மீத்தேன் வாயு ஆக்சிஜனைத் தள்ளிவிட்டு இடம் பிடித்திருக்கும். காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்க ஒரு பீடி நெருப்பு போதும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது, விளக்கை இறக்கிப் பார்ப்பது என்ற பழைய வழக்கத்தை இன்றும் சிலர் சோதனை என்கிறார்கள். தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

மூடியை முந்தின நாளே திறந்து வைத்தால் வாயு போய்விடும் என்ற நம்பிக்கையும் தவறு. மேலே நிற்கும் வாயு போகும். கசடுக்குள் குமிழியாக அடைபட்டிருப்பது காலால் மிதித்தவுடன், மண்வெட்டி பட்டவுடன் வெளியேறும். இறங்கி ஐந்து நிமிடம் நன்றாக வேலை செய்தவர் திடீரெனச் சாய்வது இதனால்தான். துணியால் மூக்கைக் கட்டுவது, கொரோனா காலத்து மாஸ்க் போடுவது எதுவும் வாயுவைத் தடுக்காது. வாயுவை வடிகட்டும் கேட்ரிட்ஜ் முகமூடிகூட ஆக்சிஜன் இல்லாத இடத்தில் உதவாது. வெளியிலிருந்து காற்று தரும் கருவி மட்டுமே உதவும். ஒருவர் விழுந்தால் காப்பாற்றக் குதிக்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் அதே இடத்தில் விழுகிறார்கள். தகப்பனும் மகனும், அண்ணனும் தம்பியும் ஒரே தொட்டியில் போன குடும்பங்கள் நம் மாநிலத்திலேயே உண்டு. விழுந்தால் யாரும் இறங்காமல் 112-க்கு அழைத்து, தீயணைப்புத் துறையும் ஆம்புலன்சும் வேண்டும் என்று சொல்லி, காற்றூதியோ பெரிய மின்விசிறியோ இருந்தால் வெளியிலிருந்து காற்றை உள்ளே செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். லாரியின் ஹோஸை வெளியே எடுத்துவிட வேண்டும்.

இனி சட்டம். மனிதக் கழிவை மனிதரை வைத்து அகற்றுவதைத் தடை செய்யும் மத்திய சட்டம் 2013-இல் வந்து, அந்த ஆண்டு டிசம்பர் 6 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 7-ஆம் பிரிவு, கழிவுநீர்க் குழாயையோ செப்டிக் டேங்கையோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய எந்த நபரும், உள்ளாட்சியும், நிறுவனமும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஒருவரை அமர்த்தக் கூடாது என்கிறது. ‘எந்த நபரும்’ என்பதில் வீட்டுக்காரர் அடக்கம், குடியிருப்போர் சங்கச் செயலாளர் அடக்கம், ஓட்டல் மேலாளரும் அடக்கம். ‘மறைமுகமாக’ என்ற சொல் இருப்பதால், ‘நான் லாரிக்காரரிடம்தான் பேசினேன், ஆளை இறக்கியது அவர்’ என்ற பதில் பெரிதாக உதவாது. 9-ஆம் பிரிவின்படி முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை போகும். 22-ஆம் பிரிவு இதைப் பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றமாக வைத்திருக்கிறது. யாரும் சாக வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். பாதுகாப்புக் கருவியும் முன்னேற்பாடும் இல்லாமல் ஆளை இறக்கியதே குற்றம். மரணம் நேர்ந்தால் அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவும் சேரும், அதில் 5 ஆண்டு வரை சிறை. இறங்கவைக்கப்படுகிறவர்கள் யார் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே. பட்டியல் சாதியினரை இந்த வேலைக்கு உட்படுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் வழக்கு உண்டு.

‘கருவி கொடுத்தால் இறக்கலாமே’ என்று கேட்கிறவர்களுக்கு 2013-ஆம் ஆண்டு விதிகள் பதில் சொல்கின்றன. கருவியோடு இறங்குவதற்கே சில சூழ்நிலைகள் மட்டும் குறிப்பிடப்பட்டிருக்கின்றன: இயந்திரம் வைக்க முடியாத இடத்தில் உடைந்த மேன்ஹோல் மூடியை எடுப்பது, 300 மி.மீ.க்கு மேற்பட்ட புதிய குழாயைப் பழைய குழாயோடு இணைப்பது, கழிவுநீரைச் சேர்த்து இறைக்கும் கிணற்றின் அடியில் பொருத்திய நீர்மூழ்கி மோட்டாரைக் கழற்றுவது போன்றவை. வேறு கட்டாயம் என்றால் உள்ளாட்சியின் தலைமை அதிகாரி காரணத்தை எழுதி அனுமதி தர வேண்டும். வீட்டுத் தொட்டியின் கசடை வாருவது இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. லாரிக்காரர் பெல்ட்டும் கையுறையும் காட்டி ‘எல்லா சேஃப்டியும் இருக்கு சார்’ என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில், 1993 முதல் இப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஊனமுற்றால் குறைந்தது 10 லட்சம், பிழைப்புக்கே வழியில்லாத நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம். 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரை வைத்துக் கழிவுநீர்க் குழாய்களைச் சுத்தம் செய்வதை அறவே நிறுத்தச் சொன்னது. ஆறும் டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத்.

கிடைக்கும் சேவைகளில் எது தேவலாம்? தனியார் சிறு லாரி விரைவில் வரும், குறுகிய தெருவிலும் நுழையும். தண்ணீர் மட்டும் எடுக்க அது போதும். அடிக் கசடு என்று வரும்போது அதன் தரம் ஆபரேட்டரைப் பொறுத்தது. ஹோஸ் 30 மீட்டர் தாண்டினாலோ, லாரி நிற்கும் மட்டம் தொட்டியின் அடியைவிட 6, 7 மீட்டர் உயரமாக இருந்தாலோ இழுவை விழுந்துவிடும். அடுக்குமாடியின் கீழ்த்தள நிலவறையில் இருக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டிகளுக்குச் சிறு லாரி பொருந்தாது. அங்கே ஆளை இறக்கும் பேச்சு எழுவதற்கு இதுவும் ஒரு காரணம். அழுத்தத் தண்ணீரும் உறிஞ்சும் பம்பும் ஒன்றாக இருக்கும் ஜெட்டிங் லாரி கிடைத்தால் அதற்கே எங்கள் முதல் ஓட்டு. கசடை வெளியிலிருந்தே கரைத்து, அப்போதே இழுத்துவிடும். விலை கூடுதல்தான், ஆனால் ஆளை இறக்க ஒரு சாக்கும் மிஞ்சாது. உள்ளாட்சி வழியாகப் பதிவு செய்ய வேண்டுமானால் 14420 என்ற உதவி எண் இருக்கிறது. ஆளை இறக்குவதைக் கண்டால் புகார் சொல்லவும் அதே எண்தான். கேரளத்தின் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கி, 2018-இல் திருவனந்தபுரத்தில் பயன்பாட்டுக்கு வந்த பேண்டிகூட் ரோபோ தெரு மேன்ஹோலுக்கானது, வீட்டுத் தொட்டிக்கு அதைத் தேட வேண்டாம்.

வாயு அளக்கும் கருவியை லாரியில் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஆள் இறங்காத வேலையில் எதற்கு என்பார்கள். மூடிக்குப் பக்கத்தில் குனிந்து வேலை செய்கிறவர்களுக்கே அது தேவை. நான்கு வாயுக்களை அளக்கும் கருவியில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் காட்ட வேண்டும். 19.5-க்குக் கீழே வந்தால் அலறும். ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு முதல் எச்சரிக்கை பெரும்பாலும் பத்து லட்சத்தில் 10 பங்கில் வைக்கப்பட்டிருக்கும். பெட்டியில் பூட்டி வைத்து, உணர்வி காலாவதியான கருவி விஷவாயு இருந்தாலும் பூஜ்யம் காட்டலாம். அந்தப் பூஜ்யத்தை நம்பக் கூடாது. கடைசியாகச் சரிபார்த்த தேதி கருவியின் முதுகில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

எடுத்த கழிவை எங்கே கொட்டுகிறார்கள் என்பதும் சேவையில் சேர்த்திதான். உள்ளாட்சி உரிமம் பெற்ற வண்டி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலோ கசடுக் கழிவு மேலாண்மை நிலையத்திலோ கொட்ட வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் இருப்பது அப்படிப்பட்ட நிலையம். ஏரியிலும் ஓடையிலும் இரவில் திறந்துவிடுகிறவர் விலையைக் குறைத்துச் சொல்ல முடிவது டீசல் மிச்சமாவதால்தான்.

வேலை முடிந்ததும் ரசீது வாங்குங்கள். வண்டி எண், உரிம எண், எடுத்த லிட்டர், கொட்டும் இடம், ‘ஆள் இறக்கப்படவில்லை’ என்ற ஒரு வரி. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் கசடு இறுகாது, ஹோஸுக்கே வந்துவிடும். பத்தாண்டு விட்டுவைத்த தொட்டியில்தான் அது களிமண்ணாகக் கெட்டிப்படுகிறது. தேதியைச் சாக்பீஸில் எழுதினால் அழிந்துவிடும், மூடியின் ஓரத்தில் பெயிண்டால் எழுதி வையுங்கள்.